அறுபதைத் தாண்டியும் தோட்டத்தில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பிறசருக்கும் சீனி வருத்தத்துக்கும் குளிசை எடுக்கிறார். விடியத் தேத்தண்ணியோடு குளிசையைப் போட்டுக்கொண்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போனால் சாப்பாடு பத்து மணிக்குத்தான். இரண்டு தரம் தலை சுற்றி இருந்துவிட்டார். வெயிலா, குளிசையா? (வாசகி, நீர்வேலி)

பதில்: இரண்டும்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் இடையிலுள்ள நேரத்தை. கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும், வயிறு வெறுமையாக இருந்தாலும் சீனியை இறக்கும். மண்வெட்டி பிடிக்கிற தசையும் அதே சீனியைத்தான் எரிக்கிறது. மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆகவே குளிசைக்குப் பின் சாப்பிட்டுவிட்டே தோட்டத்தில் இறங்க வேண்டும். மடியில் மூன்று தேக்கரண்டி சீனி இருக்கட்டும். நடுக்கம், குளிர்வியர்வை வந்தால் கரைத்துக் குடித்து 15 நிமிடம் இருக்க வேண்டும். குணமில்லாவிட்டால் இன்னொரு தரம்; அதன் பிறகு சாப்பாடு. மயங்கியவரின் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம்.

பிறசர்க் குளிசைகளில் சில சிறுநீரைக் கூட்டுபவை. அதோடு குந்தியிருந்து புல்லுப் பிடுங்கியவர் சடாரென எழும்பினால் இரத்தம் காலில் தங்கி, தலை சுற்றும். வரம்பில் ஒரு நிமிடம் இருந்து எழும்பச் சொல்லுங்கள். வயது போகத் தாக உணர்வும் மங்கும், தாகம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெயிலில் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு குவளை தண்ணீர் குடிக்கலாம். இதய, சிறுநீரக வருத்தத்துக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்தியிருந்தால் வைத்தியர் சொன்ன அளவுதான். ஜீவனியில் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) உப்பு உண்டு, பிறசர்க்காரர் அதைத் தினமும் குடிக்க வேண்டியதில்லை. குளிசையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். கிளினிக் கொப்பியோடு போய் நேரத்தை மாற்றித் தரக் கேளுங்கள்.

வெயிலில் நின்றவர் பேச்சுத் தடுமாறினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். இன்னொருவர் 1990 அம்புலன்ஸுக்கு எடுக்கட்டும்.

கேள்வி: 70 வயதிலும் தோட்டத்துக்கு நானே பூச்சிமருந்து அடிக்கிறேன். முகத்துக்குத் துவாய் கட்டினால் போதாதா? இல்லை, கலந்து மட்டும் கொடுத்துவிட்டு மகனை அடிக்க விடவா? (வாசகர், உரும்பிராய்)

பதில்: மகன் அடிக்கட்டும். ஆனால் கலப்பதுதான் பெரிய ஆபத்து. போத்தலில் இருப்பது தண்ணீர் சேராத மருந்து. அதில் ஒரு தெறிப்பு, தாங்கியிலிருந்து வரும் தூறலைவிடப் பலமடங்கு கடுமை. யார் கலந்தாலும் நைற்றைல் கையுறை, கண்ணாடி, நீட்டுக் கை சேட் போட வேண்டும். மூடியால் அளக்காமல் மில்லிலீற்றர் போட்ட குவளையால் அளந்து, சுட்டியில் உள்ள அளவுக்கு மேல் ஒரு துளியும் சேர்க்காதீர்கள். கூடப் போட்டால் பூச்சி கூடச் சாகும் என்பது வீண் நம்பிக்கை.

துவாய் உதவாது. நனைந்த துணி மருந்தை மூக்கோடு ஒட்டி வைக்கும். அதைவிட, தோட்டத்தில் நஞ்சு அதிகம் ஏறுவது தோலால். முதுகு நனைவதற்குப் பெரும்பாலும் மூடியின் வாஷர் தேய்ந்ததே காரணம்; வெறும் தண்ணீர் விட்டு ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். 16 லீற்றர் நிறைத்த தாங்கி 20 கிலோவுக்குக் கிட்ட வரும். 8 லீற்றர் மட்டும் விட்டு, மருந்தையும் பாதியாக்கி, மேசை உயரத்தில் வைத்துத் தோளில் மாட்டினால் நாரி தப்பும். காற்று முதுகுப் பக்கமிருந்து வரட்டும். நொசில் அடைத்தால் வாயால் ஊதவே கூடாது, பழைய பல்துலக்கி போதும். முடிந்ததும் கையுறையைக் கழற்றுமுன் வெளிப்பக்கத்தைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள்.

வாயூறல், கடும் வியர்வை, கண் மங்கல், நெஞ்சிறுக்கம் வந்தால், சீனி குறைந்துவிட்டது என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். உடுப்பைக் கழற்றிக் கழுவி, மருந்துப் போத்தலின் சுட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தியெடுக்க வைக்க வேண்டாம்.

கேள்வி: ஆவணியில் தண்ணீர் இறங்கினால், எண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கலாமா? (வாசகர், அச்சுவேலி)

பதில்: கூடாது. உறிஞ்சும் இயந்திரம் நடைமுறையில் சுமார் 7 மீற்றருக்கு மேல் இழுக்காது என்பதால்தான் இறக்குகிறார்கள். ஆனால் அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. மெழுகுதிரி எரிந்தாலும் அது இல்லையென்று அர்த்தமில்லை. இதய வருத்தக்காரர் முதலில் விழுவார், தூக்க இறங்குபவர் அடுத்தவர். நீரில் மூழ்கும் மின்பம்பியை ட்ரிப் சுவிச்சோடு (மின் கசிந்தால் தானே நிறுத்தும் சுவிச்), நைலோன் கயிற்றில் தொங்கவிடுங்கள்; வயரில் தொங்கவிடாதீர்கள். எடுக்குமுன் மெயினை நிறுத்துங்கள்.

கேள்வி: வயலில் இறங்குமுன் எலிக்காய்ச்சல் குளிசை அம்மாவுக்கும் வேண்டுமா? (வாசகி, கரவெட்டி)

பதில்: வேண்டும். 2024 டிசம்பரில் வடமராட்சியில் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரு தரம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசம். சாப்பிட்ட பின், நிறைந்த குவளை தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் குளிசை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளை இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள். குதிகால் வெடிப்பு இருந்தால் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம்.