வினையோடு ஒட்டிய சிறுசொல்: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நகரில் ஆங்கிலம் கற்பித்தவள் என்பதால், ஆங்கில வினைச்சொல்லோடு எந்த முன்னிடைச்சொல்லை (‘பிரெபொசிஷன்’) சேர்ப்பது என்ற ஐயங்களைத் தொகுத்து என்னிடம் தந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அல்சூரிலிருந்து, மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவர்: அம்மா, நான் அனுப்பும் மின்னஞ்சல்களில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதும்போதெல்லாம் என் மேலாளர் ‘அபவுட்’டை அடித்துவிடுகிறார். ‘எக்ஸ்பிளெயின் மீ’ என்பதையும் தவறு என்கிறார். எந்த விதியால் இவை தவறாகின்றன?

உங்கள் மேலாளர் சொல்வது சரி. தமிழில் ஒன்றைப் ‘பற்றி’ப் பேசுகிறோம், விவாதிக்கிறோம், அந்தப் ‘பற்றி’தான் உங்கள் ஆங்கிலத்தில் ‘அபவுட்’டாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் ‘டிஸ்கஸ்’ என்ற வினை, நாம் இரண்டாம் வேற்றுமையில் ‘திட்டத்தை’ என்று சொல்வதுபோல, தன் செயப்படுபொருளை நேரடியாகவே ஏற்கும்: ‘டிஸ்கஸ் த பிளான்’. இதில் குழப்பம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘டாக் அபவுட்’ சரி, பெயர்ச்சொல்லாக வரும் ‘டிஸ்கஷன் அபவுட்’டும் சரி, வினையாக வரும் ‘டிஸ்கஸ்’ மட்டும் அதை ஏற்காது. ‘ஆர்டர் ஃபார் காஃபி’, ‘என்டர் இன்டு த ரூம்’ ஆகியவையும் இதே வகைப் பிழைகள்தாம். முன்னதில் ‘ஃபார்’ வேண்டாம், பின்னதில் ‘இன்டு’ வேண்டாம். ஒப்பந்தம் போன்றவற்றில் நுழையும்போது ‘என்டர் இன்டு’ சரியாகிவிடும்.

‘எக்ஸ்பிளெயின் மீ’ இதற்கு நேர்மாறான பிழை: அங்கே மிகை, இங்கே குறை. ‘எனக்கு விளக்குங்கள்’ என்பதில் உள்ள ‘கு’ உருபுக்கு ஈடாக ‘டு’ வேண்டும். ‘எக்ஸ்பிளெயின் இட் டு மீ’ என்பதே முறை. அப்படியானால் ‘டெல் மீ’, ‘கிவ் மீ’, ‘ஷோ மீ’ ஆகியவை மட்டும் எப்படிச் சரி என்று அடுத்துக் கேட்பீர்கள். அவை ஆங்கிலத்தின் பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்த சிறிய வினைகள். ஆளையும் பொருளையும் உருபில்லாமல் அடுத்தடுத்து ஏற்கும். ‘எக்ஸ்பிளெயின்’, ‘சஜஸ்ட்’, ‘டிஸ்கிரைப்’, ‘டொனேட்’ போன்று லத்தீன் வழி வந்தவை பெரும்பாலும் ‘டு’ இல்லாமல் ஆளை ஏற்பதில்லை. ‘ப்ராமிஸ் மீ’ போன்ற விலக்குகள் உண்டு. ஆகவே இதைச் சட்டமாகக் கொள்ளாமல் அடையாளமாக மட்டும் கொள்ளுங்கள்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தாய்: என் மகன் ‘ஆங்க்ரி ஆன் மீ’ என்று எழுதியதை ஆசிரியை திருத்தியிருக்கிறார். இதில் தவறு எங்கே?

நாம் ஒருவர் ‘மேல்’ கோபப்படுகிறோம், அந்த ‘மேல்’தான் ‘ஆன்’ ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் ஆள் என்றால் ‘வித்’ அல்லது ‘அட்’, விஷயம் என்றால் ‘அபவுட்’. பையனின் தமிழ் நன்றாக இருக்கிறது என்பதற்கு இந்தப் பிழையே சான்று, அதிகம் கடிந்துகொள்ளாதீர்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் இன்டு’, ‘லுக் டவுன் ஆன்’ என்று ஒரே வினை எத்தனை பொருள் தருகிறது! பேத்திக்குச் சொல்லித்தர நூற்றுக்கணக்கில் பட்டியலிட்ட புத்தகம் ஒன்றை வாங்கினேன். பாதியைக்கூட மனப்பாடம் செய்ய முடியவில்லை.

பட்டியலை மூடிவைத்துவிடுங்கள், ஐயா. இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, வினைக்குப் பின் ஒரு சிறுசொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம் வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய இடர் என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆனால் தமிழருக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நம் துணைவினைகளை நினைத்துப் பாருங்கள். ‘வந்துவிடு’ என்பதில் வரும் ‘விடு’ எதையும் விடச் சொல்வதில்லை, ‘கிழித்துப்போடு’ என்பதில் எதையும் கீழே போட வேண்டியதில்லை; தம் சொந்தப் பொருளை இழந்து, முதல்வினை முற்றுப்பெறுவதை அவை உணர்த்துகின்றன. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’, ‘டேர் அப்’ ஆகியவற்றில் வரும் ‘அப்’ மேல்நோக்கி எங்கும் போவதில்லை. தின்றுதீர்ப்பதையும், இருப்பு முழுவதையும் செலவழித்துவிடுவதையும், கிழித்தே போடுவதையும்தான் அது சுட்டுகிறது. ‘குறித்துக்கொள்’ என்பதற்கு ‘நோட் டவுன்’, ‘செய்துபார்’ என்பதற்கு ‘ட்ரை அவுட்’ என்று இணை வைத்துச் சொன்னால், பேத்தி அதைத் தமிழின் வழியாகவே பிடித்துக்கொள்வாள். எல்லா இடத்திலும் இது பலிக்காது. வீடு எரிந்தால் ‘பர்ன் டவுன்’, கடிதம் எரிந்தால் ‘பர்ன் அப்’. இரண்டிலும் மிஞ்சுவது சாம்பல்தான்.

வரலாற்றையும் சற்றுச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் இச்சிறுசொற்கள் பல வினைக்கு முன்னால் ஒட்டியிருந்தன. பின்னர்தான் மெல்ல மெல்ல வினைக்குப் பின்னால் நகர்ந்தன. அந்தப் பழைய அமைப்பின் எச்சமாகவே ‘அப்ஹோல்ட்’, ‘ஓவர்கம்’, ‘வித்ஸ்டாண்ட்’ போன்றவை இன்றும் வழங்குகின்றன. இடம் மாறினால் பொருளும் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டு போதும்: மேல்முறையீட்டில் நீதிமன்றம் முந்தைய தீர்ப்பை ‘அப்ஹோல்ட்’ செய்யும், அதாவது உறுதிப்படுத்தும்; சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலோ நம்மை ‘ஹோல்ட் அப்’ செய்யும், அதாவது தாமதப்படுத்தும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ‘டர்ன் ஆஃப் த ஃபேன்’ சரி என்றால் ‘டர்ன் ஆஃப் இட்’ ஏன் தவறு? ‘லுக் அட் இட்’ மட்டும் எப்படிச் சரியாகிறது?

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் விடை உங்கள் காதிலேயே கிடைக்கும். ‘டர்ன் ஆஃப்’ என்பதில் அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழுகிறது, ‘லுக் அட்’ என்பதில் ‘லுக்’ மேல் விழுந்து ‘அட்’ தேய்ந்துபோகிறது. அழுத்தம் பெறும் சிறுசொல் வினையோடு சேர்ந்து ஒரே சொல்லாக இயங்குவதால், பெயர்ச்சொல் அதன் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம். ஆனால் ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் கட்டாயம் நடுவில்தான் வர வேண்டும்: ‘டர்ன் இட் ஆஃப்’. தேய்ந்து ஒலிக்கும் முன்னிடைச்சொல்லோ பெயரை விட்டுப் பிரியாது. ‘இன்டு’, ‘ஓவர்’ போன்ற ஈரசைச் சொற்களில் மட்டும் காதை முழுமையாக நம்ப முடியாது. ‘லுக் இன்டு இட்’ என்பதில் ‘இட்’ பின்னால்தான் வரும்.

தமிழர்களாகிய நாம் இதை முன்பே உணர்ந்திருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘ஃபேனை ஆஃப் பண்ணு’, ‘லைட்டை ஆன் பண்ணு’ என்கிறோம். ஆங்கில வினையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சிறுசொல்லை மட்டும் எடுத்து நம் ‘பண்ணு’வோடு சேர்த்துக்கொண்டோம். கனம் எங்கே இருக்கிறது என்பதை இலக்கணம் படிக்காத பாட்டிகளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்திராநகருக்குப் புதிதாகக் குடிவந்தவர்: ‘வேர் ஆர் யூ புட் அப்?’ என்று அலுவலகத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். இது சரியான ஆங்கிலமா?

இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டாரிடம் ‘வேர் டூ யூ லிவ்?’ என்றே கேளுங்கள். ‘புட் சம்ஒன் அப்’ என்பது ஒருவரைச் சில நாள் தம் வீட்டில் தங்கவைப்பது. சொந்த வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது பொருந்தாது. அதோடு ‘வித்’ சேர்ந்து ‘புட் அப் வித்’ ஆகிவிட்டால் சகித்துக்கொள்வது என்று பொருள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற நம் கணக்கின்படி, நான்காம் நாளில் அந்த ‘வித்’ வந்து சேர்ந்துவிடும்.

கோரமங்களாவிலிருந்து இருவர்: ‘கோப் அப் வித்’, ‘ரிவர்ட் பேக்’ ஆகியவற்றை எழுதலாமா?

இரண்டையும் தவிருங்கள். ‘கோப் வித்’ போதும். ‘கீப் அப் வித்’ என்பதிலிருந்து அந்த ‘அப்’ தாவி வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ‘ரிவர்ட்’ என்பதிலேயே திரும்புதல் அடங்கியிருப்பதால் ‘பேக்’ மிகை. பதில் எழுதுவது என்ற பொருளில் ‘ரிவர்ட்’ நம் நாட்டு வழக்கு. அதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன், ஆனால் லண்டன் அலுவலகத்துக்கு எழுதும்போது ‘ரிப்ளை’ என்றே எழுதுவேன்.

ஜெயநகரிலிருந்து ஒரு மாணவர்: மெஜஸ்டிக்கில் பேருந்திலிருந்து இறங்குவது ‘கெட் டவுன்’ இல்லை என்கிறார்களே?

பேருந்து, ரயில், விமானம் என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. கார் என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’. எழுந்து நின்று நடக்க இடமுள்ள வண்டிக்கு ‘ஆன்’, குனிந்து உள்ளே புகுந்து உட்கார வேண்டியதற்கு ‘இன்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. காலைப் போட்டு ஏறி உட்காரும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் ‘ஆன்’தான். ஆட்டோவுக்கு ‘இன்’, ஷிவாஜிநகரில் ஆறு பேரோடு ஓட்டுநரின் பக்கத்தில் தொற்றிக்கொண்டு போனாலும் ‘இன்’தான்.