மாமனார் அனுப்பிய பிள்ளை பிடிக்கிற வீடியோ

கேள்வி: "நம்ம ஊருக்குப் பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு, எல்லாருக்கும் அனுப்புங்க" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மாமனார் ஒரு வீடியோ போட்டிருக்கிறார். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? அவரிடம் எப்படிச் சொல்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் வீடியோவின் மேலே பாருங்கள். இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கையாவது மாறி வந்தது என்று அர்த்தம். 2020 முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். ஆனால் அம்புக்குறி இல்லாததெல்லாம் புதுச் சரக்கு அல்ல. கேலரியில் சேமித்து மறுபடி போட்டால் அந்த அடையாளம் போய்விடும்.

அடுத்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பல சமயம் பின்னணிக் குரல்தான் புளுகு. படத்தில் அப்படி ஒன்றும் நடந்திருக்காது. பிறகு கடைப் பலகை, வண்டி எண், சாலை தெரியும் இடங்களில் மூன்று நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் தேடுங்கள். முழுத் திரையையும் கொடுத்தால் மேலே ஒட்டிய எழுத்துகளைப் பார்த்துக் குழம்பும். தேவையான பகுதியை மட்டும் வெட்டிக் கொடுங்கள். கிடைப்பதில் மிகப் பழைய தேதி எது என்று பாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் செய்தி உண்மை என்று ஆகிவிடாது. உள்ளூர் காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ பேசிவிடுங்கள்.

2018ல் இந்தியா முழுக்கச் சுற்றிய கடத்தல் வீடியோ ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பி விடுவதையும் அறிவிப்புப் பலகை காட்டுவதையும் யாரோ வெட்டிவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது மூதாட்டி, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார்.

மாமனாரைக் குழுவில் மறுக்காதீர்கள். வீம்புக்கு இன்னும் இரண்டு அனுப்புவார். பழைய வீடியோவின் இணைப்பைத் தனியாக அனுப்பி, "மாமா, இது பழசு போலிருக்கு, நீங்களே குழுவில் சொல்லிடுங்க" என்றால் போதும்.

கேள்வி: எங்கள் தெருக் குழுவுக்கு நான்தான் அட்மின். யாரோ போடும் வதந்திக்கு என் மேல் வழக்கு வருமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகப் பிறர் பதிவுக்குப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022ல் சொல்லியிருக்கிறது. நீங்களே முன்னனுப்பினால் கதை வேறு. பீதி கிளப்பும் வதந்தியைப் பரப்பினால் தண்டிக்க, இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 353வது பிரிவு இருக்கிறது.

அட்மின் யார் பதிவையும் எல்லோருக்குமாக நீக்கலாம். ஆனால் அதற்குள் வெளியே போன பிரதிகள் போனதுதான். அதனால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். "காலையில் வந்த வீடியோ தவறு, அனுப்பியவர்கள் அங்கேயும் சொல்லிவிடுங்கள்" என்று ஒரு வரி போட்டுவிட்டு நீக்குங்கள்.