மீத்திறன் குழந்தைக்கு இணையவழி வீட்டுக்கல்வி: பள்ளியை விட்டு நிறுத்தும் முன்

கேள்வி: எங்கள் மகளுக்கு 10 வயது. கோபிசெட்டிபாளையம் அருகே அரசு நடுநிலைப் பள்ளியில் 5ஆம் வகுப்புப் படிக்கிறாள். எட்டாம் வகுப்புக் கணக்குகளைத் தானாகவே போடுகிறாள். வகுப்பில் சலித்துப்போய், பள்ளிக்குப் போக மறுக்கிறாள். ஒரு நிறுவனம் அரசு அங்கீகாரம் பெற்ற இணையவழி வீட்டுக்கல்விப் பாடத்திட்டம் என்று சொல்லி, மூன்று ஆண்டுக் கட்டணத்தை மாதத் தவணையில் கட்டச் சொல்கிறது. 12 வயதிலேயே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிடலாம் என்கிறார்கள். வரும் ஜூனில் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட வேண்டாம். உங்கள் மகளின் திறமையில் எனக்கு ஐயமில்லை. உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு செய்திகளில்தான் பிழை இருக்கிறது.

முதலாவது, அரசு அங்கீகாரம். காணொளிப் பாடங்களையும் பயிற்சிகளையும் விற்கும் நிறுவனத்துக்கு, அது எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும், சான்றிதழ் தரும் அதிகாரம் கிடையாது. தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும் வாரியத்துக்கே அங்கீகாரம் உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் கைகொடுப்பது என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம். அதன் இணையதளத்தில் பெற்றோரே நேரடியாகப் பதிவு செய்யலாம். பத்தாம் வகுப்புக்கு முந்தைய சான்றிதழ்கூடக் கேட்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியும் என்ற சுய உறுதிமொழியே போதும். இவ்வளவு எளிதான ஒரு வேலைக்காகத்தான் ஊருக்கு ஊர் முகவர்கள் அலுவலகம் போட்டு, தேர்ச்சி உறுதி என்று பலகை வைத்துப் பல ஆயிரங்களைக் கறக்கிறார்கள். தேர்ச்சிக்கு உத்தரவாதம் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, வயது. என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரக் குழந்தைக்கும் இதில் விலக்கில்லை. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் முழுமையாகக் கிடைக்க இரண்டு ஆண்டு இடைவெளியும் தேவை. ஆக, பள்ளியை விட்டு நிறுத்துவதால் நீங்கள் மிச்சம் பிடிப்பது ஏறக்குறைய ஓராண்டு மட்டுமே. பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் வாரியம் நடத்தும் பள்ளித் தேர்வுகளுக்கு வயது வரம்பில்லை என்பது உண்மைதான். ஆனால் கட்டணம் மிகுதி என்பதால் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை.

விற்பனையாளர் மும்பை மாணவி மாளவிகா ஜோஷியின் கதையையும் சொல்லியிருக்கக்கூடும். அவர் ஏழாம் வகுப்பில் பள்ளியை விட்டு, கணினியியல் ஒலிம்பியாடில் பதக்கங்கள் வென்று, 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.யில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை என்ற பாதியை மட்டும் எவரும் சொல்வதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை அச்சப்படத் தேவையில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள், அவ்வளவுதான். ஆனால் பின்னாளில் திரும்பிச் சேர்த்தால், வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்ப்பார்கள். வீட்டில் எந்த வகுப்புக் கணக்கு வரை முடித்திருந்தாலும் அது கணக்கில் வராது.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். உங்கள் மகள் தனியார் பள்ளியில் படித்திருந்தால் என் பதில் இவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்காது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021இலும் தமிழ்நாட்டில் சட்டமாயின. இந்த ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ்த் தனியார் பள்ளியில் எட்டு வரை இலவசமாகப் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் தகுதியுடையவர்களே. வீட்டில் படித்தவர்களுக்கு அப்படி ஒரு வழியில்லை. உங்கள் மகள் வரும் ஜூனில் அடியெடுத்து வைப்பது அந்த ஆறாம் வகுப்பில்தான். ஓராண்டு மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று தொடங்கினாலும், அந்த ஓராண்டு இடைவெளியே இந்த உரிமையை முழுதாகப் பறித்துவிடும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதோடு போய்விடும். மூன்று ஆண்டுத் தவணை பேச வந்தவர் இதில் ஒரு சொல்லாவது சொன்னாரா?

அப்படியானால் குழந்தையின் சலிப்புக்கு என்ன வழி? கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளைக் கைதூக்கிவிட 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது, அது வேண்டியதே. முந்தி ஓடும் பிள்ளைக்கு மட்டும் தொடக்கப் பள்ளியில் எந்த ஏற்பாடும் இல்லை என்பதும், அவளுக்குத் தனியே ஒரு பயிற்சித்தாள் கொடுப்பதற்குக்கூட ஆசிரியர் மேலிடத்தின் சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியிருப்பதும் பல ஆண்டுகளாக என்னை வருத்தும் நிலை. இருந்தாலும் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். கணித நேரத்தில் அவள் தன் புத்தகத்தை வைத்துத் தனியே போட அனுமதி கேளுங்கள். மனமிருக்கும் தலைமையாசிரியர்கள் இதற்கு மறுப்பதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் இணையப் பாடம் போதும், அதுவும் கணக்கில் மட்டும். கான் அகாடமி என்ற பாட இணையதளம் இலவசம், மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களும் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விடையைச் சொல்வதோடு நிற்காமல், அந்த விடை எப்படி வந்தது என்று முழு வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். திரையில் சரியான விடையைத் தொட்டு மதிப்பெண் குவிக்கும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து கணித ஒலிம்பியாடின் முதல் கட்டத் தேர்வை அவள் எழுதலாம். அங்கே பிற்கட்டத் தேர்வுகளில் கேட்பது இத்தகைய முழு விளக்கத்தையே.

மாதத் தவணை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். பாடம் பிடிக்காமல் நிறுத்தினாலும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் பிடிப்பது நிற்காது. தானாகப் பணம் பிடிக்கும் இந்த வசதிக்கு ஒப்புதல் தருவதைத் தவிர்க்குமாறு மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது. ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தால், முதலில் வங்கிக்குச் சென்று அதை எழுத்துமூலம் ரத்து செய்யக் கேளுங்கள். அதே நாளில் நிறுவனத்துக்கும் கடன் தந்த நிதி நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம்.