துலிஸா, சாப்பா, பிரிண்டா? ஜாவாவில் பத்திக் வாங்குவோருக்குச் சில பதில்கள்

விடுமுறை நெருங்கினால் போதும், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்குப் போகிறவர்களிடமிருந்து, மெழுகு வைத்துச் சாயமேற்றும் பத்திக் துணி பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில்.

ஜோக்ஜகர்த்தாவின் பெரிங்ஹார்ஜோ சந்தையில் எந்தக் கடையில் கேட்டாலும் "கைவேலை" என்கிறார்களாம். எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், துணியைப் புரட்டுங்கள்.

முதலில் மூன்று வகை தெரிந்திருக்க வேண்டும். மூங்கில் காம்பில் சின்னச் செப்புக் குப்பி பொருத்திய கருவிக்குச் சந்திங் என்று பெயர். அதில் உருகிய மெழுகை மொண்டு, துணியில் கோடு கோடாக வரைந்து சாயமேற்றினால் அது துலிஸ். செப்புத் தகடுகளை வளைத்துச் செய்த அச்சை மெழுகில் தோய்த்துப் பதித்தால் சாப். மூன்றாவது, மெழுகே படாமல் பத்திக் வடிவத்தை மில்லில் அடித்த பிரிண்ட். சந்தையில் குவிந்து கிடப்பதில் பெரும்பகுதி இந்த மூன்றாவதுதான்.

பிரிண்டின் பின்பக்கம் வெளுத்திருக்கும். துலிஸ், நல்ல சாப் இரண்டிலும் முழுத் துணியும் சாயத்தில் முங்கி எழுவதால் இருபக்கமும் ஏறக்குறைய ஒரே நிறம். ஆனால் இந்தச் சோதனையோடு நின்றுவிடாதீர்கள். மெழுகையே ஸ்கிரீன் வைத்து அச்சடித்துச் சாயமேற்றும் சரக்கும் உண்டு. அதுவும் இதில் தேறிவிடும்.

அடுத்து, பறவையின் இறகுக்குள்ளும் இலைக்குள்ளும் நிரப்பியிருக்கும் புள்ளிகளைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். கையால் வைத்த புள்ளி ஒன்று பருத்திருக்கும், அடுத்தது மெலிந்திருக்கும், வரிசை லேசாக அலையும். ஒரே மாதிரி இரண்டு பூக்களை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே பிசிறு இருந்தால் அது அச்சு. சாப்பில் ஏறக்குறைய சாணுக்கு ஒருமுறை அச்சு வந்து சேரும். அந்தச் சேர்மானத்தில் கோடு சற்று விலகியோ இரட்டித்தோ தெரியும்.

இந்தோனேசிய அரசின் 'பத்திக்மார்க்' முத்திரை இருந்தால் வேலை சுலபம்: தங்க எழுத்து துலிஸுக்கு, வெள்ளி சாப்புக்கு, வெள்ளை இரண்டும் கலந்ததற்கு. எல்லாக் கடையிலும் இதை எதிர்பார்க்க முடியாது.

மெழுகு உடைந்து, நரம்பு நரம்பாகக் கோடு ஓடினால்தான் அசல் பத்திக் என்று சொல்கிறார்களே?

நம் ஊர்க் கடைகளில் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். ஜாவாவில், குறிப்பாக சோலோ, ஜோக்ஜா (ஜோக்ஜகர்த்தா) நகரங்களின் அரண்மனை மரபில், அது குறை. மெழுகு உடையாமல் காப்பதுதான் அங்கே தேர்ச்சி. விரிசலையே அழகாக வைத்துக்கொண்டது வொனோகிரி பக்கத்துப் பாணி. மற்றபடி கோடு சுத்தமாக இருக்கிறதே என்று நல்ல துலிஸை ஒதுக்கிவிடாதீர்கள்.

விலை எவ்வளவு இருக்கும்? பேரம் பேசலாமா?

லட்சம் ரூப்பியா என்பது நம் பணத்தில் ஐந்நூற்றுச் சொச்சம். சீட்டில் '150' என்று மட்டும் இருந்தால் ஒன்றரை லட்சம் ரூப்பியா என்று படிக்க வேண்டும். ஆயிரத்தின் சைபர்களை அங்கே விட்டுவிடுவார்கள். இரண்டரை மீட்டர் துலிஸ் துணியை முடிக்க வாரக் கணக்கில், நுணுக்கமானால் மாதக் கணக்கில் ஆகும். ஒவ்வொரு நிறத்துக்கும் மறுபடி மெழுகு வைக்க வேண்டும், கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்க வேண்டும். ஆகவே யாராவது லட்சம் ரூப்பியாவுக்குத் துலிஸ் தருகிறேன் என்றால், அது துலிஸ் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

சந்தையில் பேரம் உண்டு. "பிசா குராங்?" (குறைக்க முடியுமா?) என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். 'ஹர்கா பாஸ்' என்று எழுதியிருந்தால் ஒரே விலை, வாயைக் கொடுக்க வேண்டாம். கிராமத்தில் வரைந்த பெண்ணிடமே வாங்கும்போது அடித்துப் பேரம் பேசுவதை நான் விரும்புவதில்லை.

இன்னொன்று. பட்ஜெட் குறைவென்றால் கூச்சமில்லாமல் சாப் வாங்குங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்து ஜாவாவின் பத்திக் தொழிலையே பெரிதாக்கியது அது. போலித் துலிஸைவிட நேர்மையான சாப் எவ்வளவோ மேல்.

ஜோக்ஜாவின் மாலியோபோரோ தெருவில் ஒருவர், "மாணவர் பத்திக் கண்காட்சி, இன்றுதான் கடைசி நாள்" என்று அழைத்தால் போகலாமா?

அந்தக் கடைசி நாள் அங்கே தினமும் வரும். தேநீர் கொடுப்பார்கள், பெயர் பெற்ற ஓவியரின் சீடர் வரைந்தது என்பார்கள், சுவரில் மாட்டும் சாதாரண ஓவியத் துணியைப் பல மடங்கு விலைக்குத் தலையில் கட்டுவார்கள். கூட்டி வந்தவருக்குக் கமிஷன். நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஜோக்ஜா தவிர வேறு எங்கே போகலாம்?

சோலோவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். லாவேயான், கௌமான் இரண்டும் பத்திக் குடியிருப்புகள். சந்துக்குள் நடந்தால் பட்டறையையே பார்க்கலாம். மொத்தமாக வாங்க, 2014 தீவிபத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டிய க்ளேவர் சந்தை. வாங்குவதற்கு முன் தானார் ஹாதி அருங்காட்சியகத்தில் நல்ல துணிகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது உத்தமம். ஜோக்ஜாவிலேயே இருப்பவர்கள் இமோகிரி பக்கம் கிரிலோயோ கிராமத்துக்குப் போகலாம். அங்கே பெண்கள் துலிஸ் வரைகிறார்கள்.

அரண்மனை ஊர்களின் பழுப்பும் கருநீலமும் அலுப்புத் தட்டினால் வட கடற்கரை ஊர்களுக்குப் போங்கள். சிரேபோன் துணியில் மேகக்கூட்ட வடிவம், பெக்காலோங்கானில் பூங்கொத்து, லாசெமில் ரத்தச் சிவப்பு. பெக்காலோங்கானின் 'ஜிலம்பிராங்' வடிவத்தைப் பார்த்தால் குஜராத் பட்டோலா நினைவுக்கு வரும். வடிவமே அங்கிருந்து போனதுதான். எனக்குப் பிடித்த ஊர் எது என்றால் பெக்காலோங்கான். அருங்காட்சியகத்தில் நீங்களே சந்திங் பிடித்துப் பார்க்கலாம். அதைப் பிடித்த பிறகு பேரம் பேச மனசு வராது.

'செமி சுத்ரா' என்றால் பாதிப் பட்டா?

பெரும்பாலும் பாதிகூட இல்லை, பாலியெஸ்டரோ ரேயானோ. பருத்தி வாங்குங்கள். 'பிரிமிஸ்ஸிமா' என்றால் அதில் முதல் தரம், 'பிரிமா' அடுத்தது.

பராங் வடிவத்தை வெளியார் உடுத்தக்கூடாதா?

சாய்வரிசையில் வளைந்தோடும் பராங் ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கே உரியது. இன்று யாரும் வாங்கலாம், தெருவில் உடுத்தலாம். அரண்மனை நிகழ்ச்சிகளுக்கு மட்டும் தவிர்க்க வேண்டும். 2022 டிசம்பரில் அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோவின் இளைய மகன் திருமணத்தையொட்டி சோலோவின் மங்குநெகரன் அரண்மனைக்கு வந்த விருந்தினர்களைப் பராங் உடுத்த வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார்கள்.

இயற்கைச் சாயம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால்?

நிறத்தைப் பாருங்கள். ஜாவாவின் பழைய பழுப்புக்கு உதவும் மரப்பட்டைகளில் ஒன்று, நம் தெருக்களில் மஞ்சள் பூவாகக் கொட்டும் பெருங்கொன்றையுடையது. லாசெமின் பழைய சிவப்பு, நுணா இனத்து வேரிலிருந்து வந்தது. நீலத்துக்கு அவுரி. இவை எல்லாம் அடங்கிய நிறங்கள். பளீரென்ற ரோஸும் கிளிப்பச்சையும் இயற்கை என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

துவைக்க அங்கே 'லெராக்' காய். நம் பூந்திக்கொட்டையின் சொந்தக்காரன். ஊருக்கு வந்தபின் பூந்திக்கொட்டைத் தண்ணீரே போதும். நிழலில் உலர்த்தி, மேலே ஒரு துணி போட்டுத் தேயுங்கள்.

பத்திக் சேலை கிடைக்குமா?

சேலை அங்கே உடையில்லை. 'காயின் பாஞ்சாங்' என்ற நெடுந்துணியே இரண்டரை மீட்டர்தான், அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். ஒரு சட்டைக்கோ குர்தாவுக்கோ சரியாக வரும். ஆனால் தையல்காரரிடம் கொடுப்பது சாப்பாக இருக்கட்டும். துலிஸ் மேல் கத்தரி வைக்க வேண்டாம். சேலைதான் வேண்டும் என்பவர்கள் ஒற்றை நிறச் சேலைக்குப் பொருத்தமாக ஒரு துலிஸ் 'செலெண்டாங்' வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.