மானியப் பணத்தில் பயிற்சிக் கூட்டம்: முதலில் வேன், கடைசியில் மண்டபம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்தில் ஒரு சமூக நலச் சங்கத்தின் பொருளாளராக 18 ஆண்டுகள் கணக்கு எழுதியவள் நான். அதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தேன். தையல், கேக் தயாரிப்பு, சிறுதொழில் கணக்கு என்று அரசாங்க மானியத்தில் நடந்த பல பயிற்சிகளின் வரவு செலவு என் கை வழியாகவே போயிருக்கிறது. இவ்வாண்டு மானியம் கிடைத்த சங்கங்களின் பொறுப்பாளர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஈஜோக்கிலிருந்து ஒரு மகளிர் பிரிவுச் செயலாளர்: அக்கா, வணக்கம். 30 பெண்களுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் பயிற்சி நடத்த எங்களுக்கு 15,000 ரிங்கிட் கிடைத்துள்ளது. பட்ஜெட்டை எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம் தங்கை. முதலில் ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள். 30 பேர் ஆறு முறை வந்தால் 180 வருகைகள். 15,000-ஐ 180-ஆல் வகுத்தால் ஒரு வருகைக்கு 83 ரிங்கிட் 33 சென் வரும். செயற்குழுவில் யார் எந்தச் செலவைச் சொன்னாலும் அதை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதாகைக்கும் மேடை அலங்காரத்துக்கும் 900 ரிங்கிட் என்று ஒருவர் சொன்னால், ஏறக்குறைய பதினொரு வருகைக்கான பணத்தைச் சுவரில் மாட்டப் போகிறோம் என்று பொருள். இப்படிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பதாகையின் அளவு மட்டும் குறைகிறது.

பெரும்பாலோர் மண்டப வாடகையிலிருந்து பட்ஜெட்டைத் தொடங்குகிறார்கள். நான் போக்குவரத்திலிருந்து தொடங்குவேன். நம் வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை அமைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளிலிருந்து பெரிய சாலைக்கு வருவதே ஒரு பயணமாக இருக்கிறது. வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அது கணவரிடமோ மகனிடமோ இருக்கும். ஆகவே வேன் இல்லாத பயிற்சிக்கு, டவுனை ஒட்டிய தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். மானியம் யாருக்காக வந்ததோ அவர்கள் வரமாட்டார்கள்.

இரண்டு வேன், ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 180 ரிங்கிட் என்று பேசி முடித்தால் ஆறு நாளுக்கு 2,160 ரிங்கிட் ஆகும். அதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, பயிற்றுநர் கட்டணம், துணியும் நூலும், சாப்பாடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் என்று வரிசையாக எழுதுங்கள். மண்டபம் கடைசியில் வரட்டும். "இதர செலவு" என்று ஒரு வரியை எழுதாதீர்கள். அதிகாரிகள் முதலில் கேள்வி கேட்பது அந்த வரியைத்தான். ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்து வடிவில் விலை கேட்டு வாங்கி, அந்த விலையையே எழுதினால் போதும்.

பள்ளி வேன் ஓட்டுநரிடம் பேசும்போது, பள்ளிக்கூட ஓட்டம் அல்லாத பயணத்துக்கு அவருடைய உரிமமும் காப்புறுதியும் செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் கேளுங்கள்.

கோலசிலாங்கூரிலிருந்து ஒரு சங்கத் தலைவர்: ஹோட்டலில் நடத்தினால் மக்களுக்கு மதிப்பாக இருக்கும் என்று எங்கள் செயற்குழுவினர் கருதுகிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஐயா, அவர்களுடைய நோக்கம் நல்லதுதான். ஆனால் ஹோட்டல் சொல்லும் தலைக்கு இவ்வளவு என்ற விலையோடு கணக்கு முடிவதில்லை. அதன் மேல் பெரும்பாலும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேரும். பிறகு அரசாங்கத்தின் சேவை வரி உண்டு: 2024 மார்ச் முதல் அது பொதுவாக 8 விழுக்காடு, உணவுக்கும் பானத்துக்கும் 6 விழுக்காடு. இவற்றைச் சேர்க்காமல் பட்ஜெட் எழுதிய சங்கங்கள் கடைசிக் கூட்டத்தை ரத்து செய்ததை நான் பார்த்திருக்கிறேன். பாலாய் ராயா (ஊர்ப் பொது மண்டபம்), ஆலய மண்டபம், தமிழ்ப்பள்ளி மண்டபம் ஆகியவற்றில் ஒன்றைக் கேளுங்கள். பள்ளி மண்டபமாக இருந்தால் தலைமையாசிரியரின் வாய்ச்சொல்லோடு நிறுத்திவிடாமல் கடிதம் கொடுத்து எழுத்தில் அனுமதி பெறுங்கள். மின்விசிறி ஓடுகிறதா, பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, 15 தையல் இயந்திரங்களை இணைக்கப் போதுமான மின்சாரப் பிளக்குகள் உள்ளனவா என்று முன்கூட்டியே நேரில் போய்ப் பாருங்கள். வந்தவர்களுக்கு மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

புக்கிட் ரோத்தானிலிருந்து ஓர் இளைஞர்: அக்கா, எந்த நாள், எந்த நேரம் வைத்தால் கூட்டம் வரும்? போன முறை 40 பேரை எதிர்பார்த்தோம். ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

தம்பி, நாள் குறிப்பதற்கு முன் பெயர்ப்பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் எதிரே அவருடைய வேலை நேரத்தை எழுதுங்கள். பால் மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுப்பவர்கள், விடியலுக்கு முன்பே போய்விடுவார்கள். மரத்தில் பால் நன்றாக ஊறுவது அந்த நேரத்தில்தான். அவர்கள் வீடு திரும்பி, குளித்துச் சமைத்து, உட்கார மணி இரண்டாகிவிடும். ஆனால் இன்று நம் பெண்களில் பலர் தோட்டத்தில் இல்லை. தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு வந்தவரை ஒன்பது மணிக்கு மண்டபத்துக்கு அழைப்பது நியாயமில்லை. ஷிப்டு வாரந்தோறும் மாறினால், ஒரே பாடத்தை ஞாயிறு காலையிலும் மாலையிலும் இருமுறை நடத்துங்கள். பயிற்றுநருக்கு ஒரு நாள் கட்டணம்தான் ஆகும்.

சம்பள நாளையும் பாருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். ஆகவே மாதத்தின் முதல் வாரக் கடைசியில் குடும்பங்கள் மளிகைக்கும் கடன் அடைக்கவும் டவுனுக்குப் போய்விடும். அன்று கூட்டம் வைக்காதீர்கள். தோட்டக் கோயில் திருவிழா தேதியை ஆலயத் தலைவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தேதி நாட்காட்டியில் அச்சாகியிருக்காது.

கூலிமிலிருந்து ஒருவர்: எங்களுக்கும் ஞாயிறு பொருந்துமா?

உங்கள் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் அங்கே ஞாயிறு பள்ளி நாள். சிலாங்கூர்ப் பயிற்றுநரை அழைக்கும்போது இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத ஒரு புதிய பொருளாளர்: ரசீதுகளை எப்படிப் பாதுகாப்பது? வேன் ஓட்டுநரும் சமையல் செய்யும் அம்மாவும் ரசீது தருவதில்லை.

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனெனில் ஒரு முறை நானே இதில் மாட்டிக்கொண்டேன். கடைகளில் இயந்திரம் தரும் ரசீது வெப்பத் தாளில் அச்சாவது. ஓர் ஆண்டு அவற்றையெல்லாம் அழகாகப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, ஜன்னல் ஓர அலமாரியில் வைத்திருந்தேன். ஏழு மாதம் கழித்து அறிக்கை தயாரிக்கக் கோப்பைத் திறந்தபோது, பதினான்கு ரசீதுகள் வெற்றுத் தாள்களாக இருந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கடைப் பெயரின் நிழல் மட்டும் தெரிந்தது. கடை கடையாக ஏறி இறங்கி மறு நகல் கேட்டேன். இரண்டு கடைகள் மூடப்பட்டிருந்தன. அந்த இரண்டு செலவையும் கணக்கில் காட்ட முடியவில்லை, நானே கட்டினேன்.

அன்றிலிருந்து ரசீது வாங்கிய நாளிலேயே இரண்டு நகல் எடுக்கிறேன். மூலத்தை ஒரு ஏ4 தாளில் ஒட்டி, எந்தக் கூட்டம், பட்ஜெட்டில் எந்த வரி, யார் வாங்கியது என்று பக்கத்தில் பேனாவால் எழுதுகிறேன். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துச் செயலாளருக்கும் அனுப்பிவிடுகிறேன். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்திலேயே இதை முடித்துவிடலாம்.

ரசீது இல்லாதவர்களுக்குப் பேமெண்ட் வவுச்சர் எழுதுங்கள். தேதி, செய்த வேலை, வேன் என்றால் எங்கிருந்து எங்கே, வண்டி எண், எண்ணாலும் எழுத்தாலும் தொகை, அடையாள அட்டை எண், கையொப்பம் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். அடையாள அட்டையின் நகலைக் கேட்டு வாங்கினால், அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தப் பயிற்சிக்காக என்பதை அவர் கண்முன்னே எழுதுங்கள். சமையல் செய்யும் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் தொகையை வாசித்துக் காட்டிய பிறகே கைரேகை வாங்குங்கள்.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு செயலாளர்: மானியம் அங்கீகரிக்கப்பட்டது; பணம் இன்னும் வரவில்லை. செப்டம்பர் ஆகிவிட்டது. சொந்தப் பணத்தில் தொடங்கிவிடலாமா?

வேண்டாம். ஒப்பந்தத்தில் குறித்த தொடக்க நாளுக்கு முன் செய்த செலவு ஏற்கப்படுவது அரிது. அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிவதால் எல்லாருக்கும் அவசரம் இருக்கும். அந்த அவசரத்தில் செயற்குழு உறுப்பினரின் சேமிப்பையோ வட்டிக் கடனையோ தொட்டுவிட்டால், பிறகு பயிற்சியின் கணக்கும் வீட்டின் கணக்கும் ஒன்றாகக் குழம்பிவிடும். பணம் கேட்காத வேலைகளைச் செய்யுங்கள்: பெயர்ப்பட்டியல், வேலை நேரம், விலைக் கடிதங்கள், மண்டப அனுமதி. காலக்கெடு போதாது என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்டுக் கடிதம் கொடுத்து, கிடைத்ததற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். சங்கத்தின் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போய்விட்டதா என்றும் பாருங்கள். பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் அது போயிருக்க வேண்டும்.

அதே ஊரிலிருந்து ஒருவர்: தலைவரின் அண்ணன் மகன் நல்ல பயிற்றுநர். அவரை அமர்த்தலாமா?

வேறு இருவரிடமும் விலை கேளுங்கள். முடிவெடுக்கும் நேரத்தில் தலைவர் அறையை விட்டு வெளியேறியதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். பிறகு அவரை அமர்த்தினால் தவறில்லை.

ரவாங்கிலிருந்து ஒரு பயிற்றுநர்: முதல் வகுப்புக்கு 30 பேர், மூன்றாம் வகுப்புக்கு 11 பேர். பாடத்தில் குறையா?

அம்மா, பாடத்தைக் குறை சொல்லுமுன் வராத 19 பேருக்கும் தொலைபேசியில் பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் உண்மை வராது. நாங்கள் அப்படி அழைத்தபோது ஒரு பெண், "பிள்ளை அழுதால் மற்றவர்களுக்குத் தொந்தரவு" என்றார். அவருடைய மகனுக்கு இரண்டு வயது. அடுத்த வாரம் மண்டபத்தின் பின்புறம் ஒரு பாய் விரித்து, வண்ணப் பென்சிலும் பிஸ்கட்டும் வைத்து, இரண்டு பாட்டிகளை ஆளுக்கு 60 ரிங்கிட்டுக்கு அமர்த்தினோம். அவரோடு இன்னும் நான்கு தாய்மார்கள் திரும்பி வந்தார்கள். இதற்கென்று பட்ஜெட்டில் பணம் ஒதுக்கவில்லையென்றால், சாப்பாட்டுக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து மாற்ற எழுத்தில் அனுமதி கேளுங்கள். நாங்கள் இரண்டாவது கறியைக் குறைத்துக்கொண்டோம்.

ஈஜோக் செயலாளர் மீண்டும்: எல்லாம் முடிந்து பணம் மிஞ்சினால்?

திருப்பிக் கொடுங்கள் தங்கை. மிச்சத்தைத் தீர்க்க டி-சட்டை அடிக்க வேண்டாம். ஒரு முறை எங்களுக்கு 412 ரிங்கிட் 60 சென் மிஞ்சியது. காசோலையோடு ஒரு பக்கக் கடிதம் வைத்து, மழையால் ஒரு வேன் ஓட்டம் ரத்தானதே காரணம் என்று எழுதி அனுப்பினேன். அந்தக் கடிதத்தின் நகல் அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் முதல் இணைப்பாகப் போனது.