நாலு நிமிடம் முந்தும் நடுராத்திரி

கேள்வி: எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். வயது 20. பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். சிண்ட்ரெல்லா கதையை இளையோருக்கான அறிவியல் புனைகதையாக எழுதுகிறேன். காலம் 2190. குலசேகரன்பட்டினம் பெரிய விண்வெளித் துறைமுகம். நாயகிக்கு 16 வயது. அம்மா முதல் வரியிலேயே இறந்துவிடுகிறாள், அப்புறம் சித்தி கொடுமை. தேவதைக்குப் பதில் ஒரு ரோபோ, கேட்டதெல்லாம் கொடுக்கும். நடுராத்திரி ராக்கெட் கிழக்கே பாயும். நாலு அத்தியாயம் முடிந்தது. கண்ணாடிச் செருப்பில் வந்து மாட்டிக்கொண்டேன். ஒரு செருப்பை வைத்து ஒருத்தியை எப்படிக் கண்டுபிடிப்பது? நம்பும்படி வரவில்லை. போன வாரம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கடை மெஷினில் அம்மாவின் கைரேகை விழவில்லை, நீ வந்து வை என்று கூப்பிட்டதில் எல்லாம் கலைந்துவிட்டது. அம்மா பீடி சுற்றுகிறாள், அவளுக்கு இதெல்லாம் புரியாது. வீட்டில் எழுதச் சூழ்நிலையே இல்லை. என்ன செய்ய?

பதில்: சூழ்நிலை இல்லை என்ற புலம்பல் இல்லாமல் இங்கே ஒரு கடிதம் வந்ததில்லை. அதை விடு. உன் வயதுக்கு ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

ஒரு ஆளை எந்தப் பொருள் அடையாளம் காட்டும் என்று நீ வீட்டில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாய். அதே நேரத்தில் ரேஷன் கடையில் ஒரு மெஷின் உன் அம்மாவைப் பார்த்து, நீ யாரென்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டது. உன் கதை அந்த வரிசையில் பையும் கையுமாக நின்றது மகளே. நீயோ அது வந்து கலைத்துவிட்டது என்று எனக்கு எழுதுகிறாய்! ரேகை ஏன் விழவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நனைத்த இலையை நாள் முழுக்க உருட்டி உருட்டித் தேய்ந்த விரல் அது. உன் செமஸ்டர் ஃபீஸும் அந்த விரல் வழியாகத்தானே வந்தது? ‘அவளுக்குப் புரியாது’ என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது?

இப்போது உன் கதைக்கு வருவோம். 2190-இல் ஊரே ரேகையில் ஓடட்டும். கதவு, கூலி, தண்ணீர், ஏவுதள நுழைவு எல்லாம் ரேகைதான். உன் நாயகியின் ரேகை வேலையில் தேய்ந்துவிட்டது. கணக்குப்படி அவள் ஊரில் இல்லாத ஆள். அந்த ரோபோவின் கையை முதலில் கட்டு. கேட்டதெல்லாம் கிடைக்கிற கதையில் பத்தாம் பக்கத்துக்கு மேல் யாருக்கும் பதைப்பு இருக்காது. அது ஒன்றே ஒன்று கொடுக்கட்டும்: ராத்திரி கெடு வரைக்கும் செல்லுகிற ஒரு நுழைவு அனுமதி.

செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையுறையை எடுத்துக்கொள். அப்பல்லோ காலத்தில் நிலவுக்குப் போனவர்களின் கையுறைகளை அவரவர் கையை அச்செடுத்துத்தான் செய்தார்கள். ஒருவர் கையுறை இன்னொருவருக்குச் சரிவராது. விண்வெளி உடைக்குள் நம் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். வெளியே வெற்றிடம் என்பதால் அதற்கே கையுறை பலூன் மாதிரி விறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவை விரலை மடக்குவதும் ஊதின பலூனை மடக்குவதுதான். நுனியில் தொளதொளத்தால் பிடித்த பொருள் தெரியாது, இறுக்கினால் நகம் பெயரும். அப்படிப்பட்ட கையுறைக்குள் மணிக்கணக்கில் வேலை செய்யக்கூடியவள் யார்? நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்றுகிற கைக்காரிதான். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரரின் சிண்ட்ரெல்லாவில் அக்காமார்களில் ஒருத்தி கால்விரலை வெட்டுவாள், மற்றவள் குதிகாலை வெட்டுவாள், செருப்பில் ரத்தம் என்று புறாக்கள் காட்டிக்கொடுக்கும். உன் கதையில் கையுறை பொருந்தாத கையைக் காட்டிக்கொடுக்கிற வேலையை, புறாவுக்குப் பதில் அழுத்தமானி பார்த்துக்கொள்ளும்.

ராக்கெட்டைக் கிழக்கே விட்டாயே, அது இலங்கைக்கு மேலே அல்லவா போகும்? இயற்பியல் படிக்கிறவள் மேப்பைப் பார்க்க வேண்டாமா? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போய் எரிபொருளை வீணடிக்கிறது. குலசையிலிருந்து நேர் தெற்கே வெறும் கடல். 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டியதே அதற்காகத்தான், அதுவும் சின்ன ராக்கெட்டுகளுக்கு. நூற்று அறுபது சொச்சம் வருஷத்தில் அது வளர்ந்த கதைக்கு ஒரு பத்தி ஒதுக்கு.

தெற்கே திருப்பினால் நடுராத்திரிக்கும் காரணம் கிடைத்துவிடும். வட, தென் துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றி வருகிற ஒரு விண்வெளி நிலையத்தை வை. அதன் சுற்றுத்தளம், அதாவது அந்த வட்டப்பாதை கிடக்கிற தளம், நட்சத்திரங்களை ஒட்டி அசையாமல் நிற்க, பூமிதான் அடியில் திரும்பும். அந்தத் திருப்பம் முடிய 23 மணி 56 நிமிடம். ஆகவே குலசையிலிருந்து தெற்கே ஏவி அந்தத் தளத்தில் சேர நாளைக்கு ஒரு தரம்தான் வாய்ப்பு. நாலு நிமிடம் தாமதித்தால் பூமி ஒரு பாகை திரும்பிவிடும். அந்தக் கோணலைச் சரிக்கட்ட விநாடிக்குச் சுமார் 130 மீட்டர் வேகம் கூடுதலாகச் செலவாகும், கெடு தவறியவளுக்காக யாரும் அதைச் செலவழிக்க மாட்டார்கள். இன்று 12:00 என்றால் நாளை 11:56, மறுநாள் 11:52. நடுராத்திரி மணி பிரெஞ்சுக்காரர் பெர்ரோ 1697-இல் எழுதிய சிண்ட்ரெல்லாவில் வருவது, மூன்று நாள் விழா கிரிம்மில் வருவது. இரண்டையும் சேர்த்துப் பார். மூன்றாம் ராத்திரி அவள் பன்னிரண்டு என்று நினைத்து நிதானமாக நடக்கிறாள், எட்டு நிமிடம் முன்பே கதவு சாத்துகிறது. கையுறை கழன்று விழ இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

சித்தியை விட்டுவிடு. பாவம், எத்தனை காலம்தான் அவள் தலையில் போடுவது? கிரிம் சகோதரரின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னது பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அதைச் சித்தி என்று மாற்றினார்கள். உன் வில்லனை வேறு இடத்தில் தேடு. பீடிக் கடையில் எடைபோட்டுக் கொடுக்கிற இலையில் ஆயிரம் பீடி தேறாது. ஓட்டை இலை, முற்றின இலை எல்லாம் கழிந்த பிறகு, குறைக்குக் கைக்காசு போட்டு இலை வாங்கிச் சுற்றுகிற அம்மாக்கள் உங்கள் தெருவிலேயே எத்தனை பேர்? கிரிம் கதையில் சித்தி சாம்பலில் பருப்பைக் கொட்டி இரண்டு மணி நேரத்தில் பொறுக்கச் சொன்னதும் இதே கணக்குத்தான். நாயகிக்கு ஏவுதளத்தில் ஒரு வேலை கொடு. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. அந்தத் தொட்டிக்குள் சூடு ஏறாமல் இருக்க அலுமினியம் பூசிய மெல்லிய படலத்தை அடுக்கடுக்காக வெட்டித் தைத்துப் போர்த்துவார்கள். அவள் அதைத் தைக்கட்டும். படலம் அளவில் குறைத்தே வரட்டும், குறைக்கு அவள் கூலியில் பிடிக்கட்டும். கொடுமைக்கு ஆளே தேவைப்படாது.

அம்மாவை முதல் வரியில் கொல்லாதே. கிரிம்மில் செத்த தாயின் கல்லறை மேல் நட்ட மரம்தான் உடுப்பும் செருப்பும் கொடுக்கிறது, தேவதை கிடையாது. செத்தும் பிள்ளைக்குக் கொடுத்தவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோபோவை உட்கார வைத்திருக்கிறாய். உயிரோடு வை, வேலை செய்ய விடு.

இந்த வாரம் எழுத வேண்டாம். சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தகரத் தகடு வைத்து இலை வெட்டிக் கொடு. தூளை எவ்வளவு போடுகிறாள், முனையை எதனால் மடக்குகிறாள், நூலை எத்தனை சுற்றுச் சுற்றுகிறாள், இருபத்தைந்து எண்ணிக் கட்டும்போது கண் எங்கே இருக்கிறது என்று பார். அடுத்த மாதம் ரேஷன் கடைக்குக் கூப்பிடுவதற்கு முன்பே கிளம்பி நில். ஒரு நாள் ராத்திரி வேலை ஓய்ந்ததும் அவள் கையைத் தாளில் விரித்து வைத்துப் பென்சிலால் வரைந்து, விரல் விரலாக நூல் பிடித்து அளவெடு. கையுறை அந்த அளவுக்குத்தான் தைக்க வேண்டும். எதுக்குட்டி இது என்று கேட்பாள். கதைக்கு என்று சொல்.