எத்தனை அடி தள்ளி நிற்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 42 வயது. 17 ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு பழுதுபார்ப்பு நிறுவனம் தொடங்கவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வேலை கைவந்தது. ஆனால் எதையும் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்க்காமல் இறங்கமாட்டேன்; நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சும் வராது. “தொழிலுக்கு நெஞ்சுரம் வேண்டும். உனக்கு அது பிறவியிலேயே இல்லை, சம்பளத்தோடு இருந்துவிடு” என்கிறார் என் மைத்துனர். படிக்கிற வெற்றிக் கதைகளும் அப்படித்தான் இருக்கின்றன: வேலையை உதறினார், வீட்டை அடகு வைத்தார், வென்றார். எனக்குத் தகுதி இல்லையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குறை என்று நீங்கள் எழுதிய இரண்டில் ஒன்று குறையே இல்லை. மற்றதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கணக்குப் போடும் பழக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் மெக்லெலாண்ட், சாதிக்கவேண்டும் என்ற உந்துதலைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் எழுதிய சோதனைகளில் ஒன்று வெறும் விளையாட்டு. தரையில் ஒரு முளை, கையில் சில வளையங்கள். எங்கே நின்று எறிவது என்பது எறிபவரின் விருப்பம். சிலர் முளைக்குப் பக்கத்திலேயே நின்று, தவறவே வழியில்லாமல் வளையத்தை மாட்டினார்கள். சிலர் வெகுதூரம் போய், விழுந்தால் விழட்டும் என்று வீசினார்கள். உந்துதல் மிகுந்தவர்களோ நடுவில் ஓரிடம் பார்த்து நின்றார்கள். அங்கிருந்து எறிந்தால் தவறவும் கூடும்; கவனித்து எறிந்தால் விழவும் கூடும். நல்ல தொழில் முனைவோரிடம் அவர் எதிர்பார்த்த குணம் இதுதான். வெகுதூரம் போய் நிற்பவரை நாம் துணிச்சல்காரர் என்று கொண்டாடுகிறோம். அவர் வளையம் விழுந்தாலும் அதில் அவருடைய கைக்கு என்ன பங்கு?

பிறவிக் குணமா என்று கேட்டால், மெக்லெலாண்ட் அப்படி நினைக்கவில்லை. 1960களில் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறு தொழிலதிபர்களுக்கு அவருடைய குழு பயிற்சி கொடுத்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகச் சுறுசுறுப்போடு புதிய முயற்சிகளில் இறங்கினார்கள்.

சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளரின் வேலையையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களை உருவாக்கிய 27 பேரிடம் ஒரு கற்பனைப் பொருளைக் கொடுத்து, இதை வைத்து எப்படித் தொழில் தொடங்குவீர்கள், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டார். எவ்வளவு லாபம் வரும் என்ற கேள்வியைவிட, எவ்வளவு போனால் தாங்குவேன் என்ற கேள்வியே அவர்கள் யோசனையில் முன்னால் நின்றது. முதலுக்கே மோசம் வராத எல்லையை முதலில் வகுத்துக்கொண்டு, அதற்குள் தாராளமாகச் சோதித்துப் பார்ப்பவர்கள் அவர்கள். நைக்கி நிறுவனத்தின் ஃபில் நைட் 1964இல் காலணி விற்கத் தொடங்கியும் 1969 வரை கணக்காளராகவும் ஆசிரியராகவும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். வேலையை உதறுவது ஒரு தகுதியே இல்லை. வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை: அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புது நிறுவனங்களை ஆராய்ந்தபோது, அவற்றை நிறுவியவர்களின் சராசரி வயது தொடங்கிய நேரத்தில் 45 என்று தெரிந்தது.

பொறுமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பை இல்லாத தூசி உறிஞ்சியை ஜேம்ஸ் டைசன் 5,127ஆவது மாதிரியில்தான் சரியாகக் கொண்டுவந்தார். அந்த எண்ணைவிட அவர் போன வழிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, பார்ப்பது, பிறகு அடுத்ததை மாற்றுவது. இயந்திரத்தில் பழுது தேடும் உங்களுக்கு இது தினசரி வேலை. (அதற்காக அவர் கடனில் மூழ்கினார். அந்தப் பகுதியைப் பின்பற்றச் சொல்லமாட்டேன்.)

இனி, என் கவலை. பேச வராது என்று எழுதியிருக்கிறீர்கள். மேடைப் பேச்சு வராவிட்டால் நஷ்டமில்லை. நான் கேட்பது வேறு: தர வேண்டியவரிடம் பணத்தைக் கேட்க உங்களுக்கு வாய் வருமா?

நானும் ஒரு நண்பரும் சேர்ந்து முன்பு ஒரு சிறிய மொழிபெயர்ப்பு நிறுவனம் நடத்தினோம். வேலை குறைவில்லாமல் வந்தது, செய்ததைப் பாராட்டவும் பாராட்டினார்கள். கணக்குப் புத்தகத்தில் இடப்பக்கம் செய்த வேலை, வலப்பக்கம் வந்த பணம். மூன்றாம் ஆண்டில் இடப்பக்கம் பக்கம் பக்கமாக நிரம்பியிருக்க, வலப்பக்கத்தில் பாதிக் கட்டங்கள் வெற்றாக இருந்தன. அந்த வெற்றிடங்களைப் பார்க்கப் பிடிக்காமல் நான் புத்தகத்தைத் திறப்பதையே தள்ளிப்போட்டேன். பணம் கேட்டால் உறவு கெட்டுவிடும் என்று நினைத்தேன். கடைசியில் ஆறு மாத நிலுவையை வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “பில் எங்கள் கைக்கு வரவே இல்லையே” என்றார். தேடிப் பார்த்தேன். அனுப்பியதாக நான் நினைத்துக்கொண்டிருந்த பில் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அந்த ஆண்டே நிறுவனத்தை மூடினோம். எங்களோடு வேலை செய்த இருவருக்குச் சம்பளப் பாக்கி வைத்து அனுப்பவேண்டி வந்தது. அதைத் தீர்க்க எனக்கு ஓராண்டு ஆயிற்று.

தொழிலில் இறங்குபவருக்கு வேண்டிய நெஞ்சுரம் இந்த இடத்தில்தான் வேண்டும் என்று நான் நம்புகிறேன். வீட்டை அடகு வைக்க ஒரு நாள் வேகம் போதும். வாராவாரம் கணக்கைத் திறந்து, அதில் இருப்பதை இருக்கிறபடி பார்க்கவும், “இந்த விலைக்குக் கட்டாது” என்று வாடிக்கையாளரிடம் சொல்லவும், அவர் “வேண்டாம்” என்று போனால் அடுத்தவரிடம் போகவும் தினமும் தைரியம் வேண்டும்.

ஆகவே வேலையை விடாமல் ஒன்று செய்யுங்கள். எவ்வளவு பணம், எத்தனை மாதம் போனால் உங்கள் குடும்பம் தாங்கும் என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோரும் பார்க்க வையுங்கள். விடுமுறை நாட்களில், உங்கள் நிறுவனத்தின் விதிகள் அனுமதித்தால், மூன்று பேருடைய இயந்திரங்களைப் பழுது பார்த்துக் கொடுங்கள். தெரிந்தவர் என்று இலவசமாகச் செய்யாதீர்கள். வேலை முடிந்த அன்றே பில்லைக் கொடுத்து, பணம் என்றைக்கு வரும் என்று நேராகக் கேளுங்கள். சொன்ன நாளில் வரவில்லை என்றால் மறுநாள் காலையில் நீங்களே போன் செய்யுங்கள். மூன்றாவது பணமும் வந்து சேர்ந்த பிறகு எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்